கீமோ நடக்கும்போது சித்த மருந்து: முதலில் பட்டியலை வாங்குங்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், தையல் பிரித்தது, கீமோ ஏற்ற போர்ட் வைத்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. எங்களை அலையவிட்டது ஒரு பொடிப் பொட்டலம்.

கீமோ தொடங்கியதும் யாரோ சொன்னார்கள் என்று பெரியப்பா ஒரு வைத்தியசாலையிலிருந்து சூரணம் வாங்கி வந்தார். ஜிப் கவரில் பழுப்புப் பொடி. மேலே மார்க்கரில் 'காலை, இரவு, தேனில்' என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. "வெறும் மூலிகைதான், பக்க விளைவே வராது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி எகிறியிருந்தது. இன்றைக்கு ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்த அம்மா அப்படியே திரும்ப வேண்டியிருந்தது. டாக்டர் பொடியைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்றார். எங்களுக்கு என்ன தெரியும்? சீந்தில் கொடியோ அமுக்கராவோ (அஸ்வகந்தா) சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பற்பம், செந்தூரம் போன்ற புடம் போட்ட மருந்துகள் என்றால் உலோகங்களும் இருக்கலாம். கீமோவாலும் எஸ்ஜிபிடி ஏறும். எதனால் என்று பிரித்துச் சொல்ல அவரிடம் வழியில்லை.

பொடியில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் கேட்டு வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் ஐயா வெளியூர் என்றார்கள். மறுபடி போனால், "பரம்பரை முறை, எழுதித் தர மாட்டோம்." நான் விடவில்லை. கடைசியில் அவர் சொன்னது: "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு வாங்க, நாங்களே குணப்படுத்தறோம்." இந்த வார்த்தையை யார் சொன்னாலும், எந்த மருத்துவமாக இருந்தாலும், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த மேடம் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்தவர். முதலில் ஃபைலை முழுதாகப் படித்தார். கீமோ முடியும்வரை உள்ளுக்கு எதுவும் வேண்டாம் என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். புற்றுநோய் டாக்டர் அதை வாசித்துவிட்டு ஃபைலில் சேர்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இருவரும் சரி என்று சொன்னவை: மூச்சுப் பயிற்சி, மெதுவான யோகா, குமட்டலுக்கு அக்குபிரஷர். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கம் மூன்று விரல் தள்ளி, நடுவில் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் அழுத்த வேண்டும். பிளேட்லெட் குறைந்திருந்தால் லேசாகத்தான். அம்மாவுக்கு இது கேட்டது. வாந்தி மாத்திரையையும் நிறுத்தவில்லை. ரசத்தில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை கூடாது. அம்மாவுக்கு ஏறும் கீமோ மருந்தான சைக்ளோபாஸ்பமைடின் வேலையை அது குறைப்பதாக எலிச் சோதனையில் தெரிந்திருக்கிறதாம். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொண்டுவந்த பப்பாளி இலைச் சாற்றையும் மறுத்துவிட்டோம். வெள்ளையணு கவுண்ட் விழுந்திருக்கும்போது பச்சைச் சாறு தொற்றுக்கு வழி.

எஸ்ஜிபிடி இறங்கி, தள்ளிப்போன கீமோவும் ஏறிவிட்டது. சத்து மாவு, லேகியம், ஹோமியோ உருண்டை, வலித் தைலம் எதுவானாலும் டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஓ.பி. கூட்டத்தில் அவர்களாகக் கேட்க நேரமிருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.