காசு கொடுத்து வாங்கிய குப்பை

இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு கைவேலைச் சாமான் கடை. கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த பழைய காகிதக் கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேலே பிரெஞ்சில் ஒரு ரசீது, அடுத்து இசைக்குறிப்பு எழுதிய தாள், ஏதோ ஊரின் வரைபடத்தில் கிழித்த துண்டு. அதற்கும் அடியில் எட்டிப் பார்த்தது: வெள்ளிக்கிழமை, ராகு காலம் 10.30 - 12.00, எமகண்டம் 3.00 - 4.30, சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். நம்ம ஊர் தினசரி காலண்டர். அதில் ஒரே ஒரு நாள். கட்டின் விலை ஆறரைப் பவுண்டு.

முழு வருஷத்துக் காலண்டரையே மளிகைக்கடையில் சும்மா தருவார்கள். தராவிட்டால், "வருஷம் பூரா உங்ககிட்டதான சாமான் வாங்குறோம்" என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. அந்தத் தாளை அங்கேயே தொங்கவிட்டு வர மனசில்லாமல் வாங்கிவிட்டேன்.

மறுநாள் வீடியோ காலில் காட்டியதும் அம்மா, "குப்பையவாடி காசு குடுத்து வாங்கியிருக்க?" என்றாள். பின்னாலிருந்து அப்பா, "தேதி என்னன்னு கேளு. நல்ல நாளான்னு பாப்போம்" என்றார்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாதவை நிறைய. குளிர் பழகிவிட்டது, பேச்சும் ஓரளவு பழகிவிட்டது. பிடிபடாமலே இருந்தது வாழ்த்து அட்டை. பிறந்தநாளுக்கு அட்டை, வீடு மாறினால் அட்டை, பரீட்சையில் தேறினால் அட்டை, நன்றி சொன்னதற்கு நன்றி சொல்லி ஓர் அட்டை. டிசம்பரில் கேட்கவே வேண்டாம். 1843-ல் ஹென்றி கோல் என்பவர் லண்டனில் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்து விற்றாராம். ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்று தபாலை மலிவாக்கியிருந்தார்கள். மலிவான தபாலுக்காகப் பிறந்த பழக்கத்துக்கு இன்றைக்கு முதல் வகுப்புத் தபால்தலை ஒன்றரைப் பவுண்டுக்கு மேல். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது நம் அஞ்சலட்டை 50 காசு.

எதிர்வீட்டு அம்மாதான் வியாழக்கிழமை சாயங்காலங்களில் அட்டை செய்யும் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். சமுதாயக் கூடத்தில் நீள மேஜை போட்டு, டீ, பிஸ்கட்டோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் சிக்கனத்தைப் பற்றியேதான் பேசுவார்கள். கடையில் அட்டை நாலு பவுண்டு, நாமே செய்தால் காசு மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைப் பிடிக்க அவர்கள் வைத்திருக்கும் ஆயுதங்களைப் பார்க்க வேண்டும்! பூ வடிவில் வெட்ட ஒரு மெஷின், ஓரத்தை அலையலையாக வெட்ட ஏழு வகைக் கத்தரிக்கோல், புதுத் தாளைப் பழசாகக் காட்ட ஒரு மை. ஒருத்தர் நல்ல வெள்ளைத் தாளை டீயில் முக்கிக் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தாளில் டீ கொட்டினால் அடி விழும்.

என் மனக்குறை இதுதான். நாங்கள் மிச்சம் பிடித்ததை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்த தாள் எதுவும் லேசில் வெளியே போகாது, அவ்வளவுதான். போன வருஷத்துக் காலண்டரின் முருகன் படம் போட்ட கெட்டி அட்டை இந்த வருஷம் பரீட்சை அட்டையாகும். கிழித்த தேதித் தாளில் திருநீறு மடிக்கலாம். கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கத்தில் மளிகைச் சாமான் கணக்கு. பத்திரிகையில் இருக்கும் பிள்ளையாரைக் குப்பையில் போடக்கூடாது. வெட்டி எடுத்து டப்பாவில் சேர்த்து, டப்பா நிறைந்ததும் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவோம். இங்கே 'ஸ்கிராப் புக்' என்று தனி அலமாரியே வைத்து விற்கிறார்கள். எங்கள் பரணில் இருந்ததெல்லாம் என்னவாம்? வாரா வாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதையை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் போட்டு வைத்த புத்தகங்கள். கதையைவிட அதன் முதுகுப்பக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்த பாதி ஜோக்குகளும் தலைவலித் தைல விளம்பரங்களும்தான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன.

அப்புறம் பொங்கல் வாழ்த்து. மார்கழி பிறந்ததும் மதுரை மாசி வீதிகளில் சாக்கை விரித்துக் கடை போட்டுவிடுவார்கள். கரும்பும் பானையும், பசுவும் கன்றும், ஜிகினா ஒட்டிய மீனாட்சி, ரஜினி, கமல். வாங்க ஆசையாக இருக்கும், வாங்கித் தர மாட்டார்கள். அப்பா ரயில்வே மெயில் சர்வீசில் தபால் பிரிக்கும் சார்ட்டர். பொங்கல் சமயத்தில் மதுரை ஜங்ஷனில் வாழ்த்து மூட்டைகளைப் பிரித்துப் பிரித்து, ராத்திரி வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் ஜிகினா மினுங்கும். "ஊர்ல உள்ள வாழ்த்தெல்லாம் நாந்தான் பாக்குறேன், இதுல நீங்க வேறயா?" என்பார். அதனால் நாங்களே செய்வோம். கல்யாணப் பத்திரிகையின் அட்டைதான் அடிப்படை. ஆபீஸ் கோந்து ஒரு சொட்டு வீட்டுக்கு வராது, அதில் அவர் கறார். திருமங்கலத்துக்கு அந்தப்பக்கம் அப்பத்தா ஊரில் கருவேல மரத்தில் வடிந்த பிசினைச் சுரண்டி வந்து தண்ணீரில் ஊறப்போட்டால் அருமையான கோந்து. அவசரத்துக்கு இருக்கவே இருக்கிறது சோற்றுப் பருக்கை.

அலங்காரத்துக்குப் புதுமண்டபம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம்; நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடும். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பெல்லாம் அங்கேதான் தைப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வெல்வெட், ஓரத்தில் சரிகை. மெஷினுக்கடியில் விழுந்து கிடக்கும் வெட்டுத்துணியை ஒரு பை நிறைய அள்ளி வருவோம். பொங்கலானாலும் சரி, பிறந்தநாளானாலும் சரி, எங்கள் வாழ்த்தில் அழகர் வெல்வெட் ஒரு துண்டாவது இருக்கும்.

செய்து முடித்ததும் அப்பா சோதிப்பார். உறையை ஒட்டக்கூடாது, மடிப்பை உள்ளே செருக வேண்டும், மேலே 'புக் போஸ்ட்' என்று எழுத வேண்டும். அப்படிப் போனால் கட்டணம் குறைவு, ஒட்டினால் கடிதக் கட்டணம். உள்ளே நாலு வரி நலம் விசாரித்து எழுதிவிட்டால் அதுவும் கடிதமாகிவிடும். 'அன்புடன்' போட்டுப் பெயர் எழுதலாம். அதனாலேயே எங்கள் சித்திக்குப் பல வருஷமாக எங்களிடமிருந்து பெயரைத் தவிர ஒரு சேதியும் போனதில்லை.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். கூட்டத்துக்குப் போவது எனக்கு இப்போது பழகிவிட்டது என்றுதான் சொல்ல வந்தேன். நானும் ஒரு வெட்டும் மெஷின் வாங்கிவிட்டேன் (விலையை அம்மாவிடம் சொல்லவில்லை). இங்கேயும் தபாலில் ஒரு கணக்கு உண்டு என்பது தெரிந்தபோது அப்பாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். சாதாரணக் கடிதம் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக்கூடாது. பட்டன், துணிப்பூ என்று அட்டையில் ஏற்றினால் அது பெரிய கடிதமாகி, கட்டணமும் ஏறிவிடும். தபால் நிலையத்தில் பிளாஸ்டிக் பலகையில் சந்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் அட்டை நுழைய வேண்டும். அட்டை மேஜையில் எல்லோரும் பூவைச் செய்துவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தட்டையாக்குவார்கள். "நம்ம ஆளுங்கதான்" என்றார் அப்பா.

என் கல்யாண ஆல்பத்தை ஒரு நாள் அங்கே கொண்டுபோனேன். கரிஷ்மா ஆல்பம்தான், சூட்கேஸ் கனம். தாமரைப் பூவுக்குள் நான், ஒயின் கோப்பைக்குள் அவர், பின்னால் பனிமலை. அந்த மலை எது, நீங்கள் எப்போது அங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். நடந்தது திருப்பரங்குன்றம் கல்யாண மண்டபத்தில், மலைக்கு மட்டும் அங்கே பஞ்சமே இல்லை, அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார் போட்டோக்காரர் என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. என் மாமனார் தவறியபோது எங்களால் உடனே போக முடியவில்லை. என் கணவர் மட்டும் காரியத்துக்குப் போய் வந்தார். வந்த மறுநாள் எதிர்வீட்டு அம்மா தன் கையால் செய்த இரங்கல் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். தன் தோட்டத்துப் பூவைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்து ஒட்டி, உள்ளே ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். மாமனாரை அந்த அம்மா பார்த்தது, எங்களோடு தங்கியிருந்த அந்த ஒரு கோடையில்தான். வேலி ஓரமாக நின்று தக்காளிச் செடிக்கு மாமனார் சைகையிலேயே யோசனை சொன்னதையெல்லாம் எழுதியிருந்தார். இங்கே இப்படி வரும் அட்டைகளை வீட்டு முன்னறையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி அடுக்கி வைப்பார்கள். நம் பக்கம் கருமாதிக் கடிதம் வந்தால் படித்த கையோடு கிழித்துப் போடுகிற வழக்கம். வீட்டுக்குள் வைக்கவே மாட்டோம். கணவர் அட்டையைப் படித்துவிட்டு வாசல்படியிலேயே வெகுநேரம் நின்றார். உள்ளே கொண்டுவரவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இப்போது அது காரில், சன்னல் மறைப்புக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது. வெயில் கண்ணில் அடித்தாலும் அந்த மறைப்பை அவர் இறக்குவதில்லை.

போன ஈஸ்டர் லீவில் ஊருக்குப் போனோம். சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மேஜைத் தோழிகளுக்கு அழகர் வெல்வெட் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தேன். புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்தின் குளிர்ச்சியும், யாளியின் காலடியில் உட்கார்ந்து துணி பொறுக்கியதும் அங்கே எப்படிக் கிடைக்கும்? ஆனால் மெஷின்கள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இந்த வெட்டுத்துணி கொஞ்சம் எடுத்துக்கவா?"

"பொம்மைக்காம்மா?"

"இல்லண்ணே, லண்டன் பக்கம். வாழ்த்து அட்டை செய்ய."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லண்டன்ல துணி கிடைக்காதா?" என்று கேட்டபடியே காலால் ஒரு குவியலை என் பக்கம் தள்ளிவிட்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. பக்கத்திலிருந்தவர், "அடுத்த தடவ வரும்போது சொல்லிட்டு வாங்க, சரிகையாப் பாத்து எடுத்து வைக்கிறேன்" என்றார். என் மகள் பத்து நிமிஷத்தில் ஒரு பை நிரப்பிவிட்டாள். பொறுக்குவதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஹடர்ஸ்ஃபீல்டில் அந்தப் பையைப் பிரித்த வியாழக்கிழமையை விவரிக்க முடியாது. வெட்டும் மெஷின்காரர்களெல்லாம் மெஷினை ஓரம் கட்டிவிட்டார்கள். இதெல்லாம் என்ன விலை என்று கேட்டதற்கு, கீழே கிடந்தது என்றேன். நம்பவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னது வினையாகப் போயிற்று. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். "பரண்ல இருந்த கல்யாணப் பத்திரிகையெல்லாம் இறக்கிட்டேன், ஒரு மூட்டை தேறும். பழைய பேப்பர்காரன் கிலோ கணக்குல கேக்குறான், குடுக்கல. அங்க என்ன வெலைக்குப் போகும்?"

அப்பா அதற்குள் எடை போட்டுவிட்டார். விமானத் தபாலில் அனுப்பினால் மூட்டையின் மதிப்பைவிடக் கட்டணம் அதிகம். அச்சடித்த தாள் என்று போட்டால் குறையுமா என்று பழைய நண்பரிடம் விசாரிப்பதாகச் சொன்னார். "ஆனா கையால ஒரு எழுத்து எழுதியிருக்கக் கூடாது, அதான் கண்டிஷன்" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பத்திரிகையின் முதுகிலும் அம்மாவின் கையெழுத்து: மொய் 101, மொய் 501, சீர் பித்தளைக் குடம், நம்ம வீட்டு விசேஷத்துக்கு இவுக வரல.

"அத மட்டும் வெட்டி எடுத்துட்டு அனுப்பு" என்றேன்.

"வெட்டுனா கணக்கு போயிருமேடி. நாளைக்கு யாருக்கு எவ்வளவு செய்யணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நேற்று அப்பா சொன்னார்: மைதா வாங்கி, மயில்துத்தம் போட்டுப் பசை கிண்டியாகிவிட்டதாம். பெரிய நோட்டு ஒன்றில், ஊர்வாரியாகப் பிரித்து, அம்மா வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாளாம். உசிலம்பட்டி முடிந்தது, மேலூர் நடக்கிறது.