செம்மண்ணும் ஒரு பழைய பிக்கப்பும்

வட கரோலினாவில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்பக்கம் அகலமான ஜன்னல் ஒன்று உண்டு. அப்படியிருந்தும் பகல் பன்னிரண்டு மணிக்கே அந்த அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலை ஒட்டி ஹாலி என்கிற, வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும் புதர்ச்செடிகள் மூன்று வரிசையாக நின்றன. வீட்டு மூலையில், கேஸ் மீட்டருக்குப் பக்கத்தில், நான்காவது ஒன்று. பர்ஃபோர்ட் ஹாலி என்கிற ரகம். நட்டபோது முழங்கால் உயரம்தான் இருந்திருக்கும். கத்தரிக்காமல் விட்டால் 15 அடியைத் தாண்டி வளரும். எங்களுக்கு முன் இருந்தவர்கள் பல வருடங்களாக அப்படியே விட்டிருந்தார்கள். கிளைகள் சுவரில் சாய்ந்து கிடந்ததால் மழை விட்டு நான்கு நாள் ஆனாலும் அந்தப் பக்கத்துப் பலகையில் ஈரம் காயாது. இலை நுனியில் முள் வேறு. சும்மா பக்கத்தில் நடந்தாலே சட்டையைப் பிடித்து இழுக்கும்.

வேரோடு எடுத்துவிடலாம் என்று ஏப்ரல் மாதம் முடிவு செய்தோம். எடுத்தது அக்டோபரில்.

ஆறு மாதம் தள்ளிப்போனதற்கு முதல் காரணம் ஒரு பறவைக் கூடு. நடுச்செடியின் கிளைகளை விலக்கியபோது என் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுள்ளியும் காய்ந்த புல்லும் சேர்த்துக் கட்டிய கிண்ணம் மாதிரி. உள்ளே பழுப்புப் புள்ளி போட்ட மூன்று முட்டைகள். கார்டினல் என்கிற பறவையின் கூடு. ஆண் பறவை முழுச் சிவப்பு. அதுதான் இந்த மாநிலத்தின் பறவை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எதிர் வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம் என்றார். 1918-ல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம். கார்டினல் வலசை போகாத பறவைதான், ஆனாலும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அவை ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை முட்டையிடும், கோடை முடியும்வரை பொறுத்திருங்கள் என்றும் சொன்னார். பொறுத்திருந்தோம். அந்தக் கோடை முழுக்கத் திரையை விலக்கிக் குஞ்சுகளைப் பார்ப்பதே என் மகளுக்கு வேலை.

அப்புறம் குடியிருப்போர் சங்கம். வீட்டு முகப்பில் எதை எடுத்தாலும், வைத்தாலும் அவர்களிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பினோம், சரி என்று பதில் வந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. என் கணவர் எங்கள் காரின் பின்னால் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுப் பெரியவர் தெருவைத் தாண்டி ஓடியே வந்துவிட்டார். எழுபது வயதைக் கடந்தவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கயிற்றைக் கையில் வாங்கி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக் காட்டினார். நைலான் நீளும். நீளும்போது அத்தனை இழுவிசையையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தால் கவண் கல் மாதிரி திரும்பி வரும். காரின் கண்ணாடியோ, பக்கத்தில் நிற்கிறவர் கண்ணோ, எது எதிரே இருக்கிறதோ அதில் அடிக்கும். டிரெய்லரை மாட்டுகிற இரும்பு உருண்டையில் கட்டி இழுப்பதும் அதே அளவு ஆபத்து. அந்த உருண்டை ஒடிந்தால் குண்டு போலப் பறக்கும், அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்றார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "811-க்குக் கூப்பிட்டீர்களா?"

நாங்கள் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்கா முழுவதற்கும் 2007 முதல் இருக்கிற எண் அது. எங்கள் மாநிலத்தில் தோண்டுவதற்கு மூன்று முழு வேலை நாட்களுக்கு முன் சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. ஆட்கள் வந்து பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, புல்லின் மேல் வண்ணக் கோடு போட்டுக் கொடி நட்டுவிட்டுப் போவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. புதன்கிழமை வேலையிலிருந்து திரும்பி வந்தால் எங்கள் முற்றம் கோலம் போட்ட மாதிரி இருந்தது. மஞ்சள் கோடு தெருவிலிருந்து நேராக வந்து நான்காவது செடியின் அடியைத் தொட்டுக்கொண்டு மீட்டரில் ஏறியது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் 24 அங்குலத்துக்குள் கையால் பதமாகத்தான் தோண்டலாம். அன்று கயிறு கட்டியது அந்த நான்காவது செடியில். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வண்டி பெரியவருடையது. பழைய பிக்கப், நான்கு சக்கரமும் இழுக்கிற வகை. ஓட்டுவது தானே என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வண்டி வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் வேலை. செடி பிடுங்குகிறவர்கள் இதை விட்டுவிட்டு வண்டியையே நம்பினால் சங்கிலி அறும், இல்லையென்றால் தண்டு முறிந்து வேர் உள்ளேயே நின்றுவிடும். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

கிளைகளை எல்லாம் வெட்டினோம். அடித்தண்டை மட்டும் இரண்டடி உயரத்துக்கு விட்டோம். தரையோடு அறுத்துவிட்டால் சங்கிலி சுற்றப் பிடி இருக்காது. செடியைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தோம். இந்த ஊர்ச் செம்மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் களி. காய்ந்த மண்ணில் மண்வெட்டி போட்டால் பொறி பறக்காத குறைதான். முந்தைய இரவு குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து செடியடியில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் அதே மண் வெண்ணெய் மாதிரி விலகியது. ஆனால் வண்டி நிற்கப்போகிற புல்தரையில் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது. சக்கரம் வழுக்கினால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. பள்ளத்தில் தெரிந்த பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்தோம். கட்டைவிரல் தடிமனுக்குக் கவ்வாத்துக் கத்தரி போதும். மணிக்கட்டுத் தடிமன் வந்தால் ரம்பம். மண் பட்டு ரம்பத்தின் பல் மழுங்கும், அதனால் வேரைத் துணியால் துடைத்துவிட்டு அறுத்தேன்.

சனிக்கிழமை காலை பெரியவர் சங்கிலியோடு வந்தார். கிரேடு 70 என்கிற மஞ்சள் பூச்சு பூசிய சங்கிலி, முக்கால் அங்குலத்தில் பாதித் தடிமன். அதன் வேலைச்சுமை வரம்பு, அதாவது பத்திரமாகத் தாங்கக்கூடிய சுமை, 6,600 பவுண்டு, கிட்டத்தட்ட மூன்று டன். தண்டின் அடியில் சுருக்குப் போட்டு மாட்டினார். மறுமுனை வண்டியின் பின்சட்டத்தில் செருகுகிற ஷேக்கிள் என்கிற இரும்பு வளையத்தில். பழைய சக்கரம் ஒன்றும் கொண்டு வந்திருந்தார். அதைச் செடிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்து, சங்கிலியை அதன் மேல் ஏற்றி விட்டார். வண்டி முன்னால் போகும்போது சங்கிலி சக்கரத்தின் மேல் ஏறுவதால் செடியை மேல்நோக்கித் தூக்கும். பக்கவாட்டில் இழுத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தூக்கினால் விட்டுக்கொடுக்கும். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை. கடைசியாகச் சங்கிலியின் நடுவில் கனமான போர்வை ஒன்றைப் போட்டார், அறுந்தாலும் அதிகம் எகிறாமல் இருக்க. சங்கிலி நீளத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்கு யாரும் வரக் கூடாது. மகளை எதிர் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பினோம். சைகை காட்டுவது நான் ஒருத்தி மட்டும்.

வண்டியை லோ கியரில் போட்டார். கால் வைத்ததே தெரியவில்லை. தொய்வு போய்ச் சங்கிலி நேரானது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, எஞ்சின் முனகுகிற சத்தம் மட்டும். "மெதுவா, மெதுவா" என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று மண்ணுக்குள்ளிருந்து துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கை காட்டினேன், அவர் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் அடியில் இன்னும் இரண்டு வேர் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்துச் சங்கிலி தளர்ந்த பிறகுதான் கிட்டே போய் அறுத்தோம். அடுத்த இழுப்பில் மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு வேர்ப்பந்து சிவப்பு மண்ணோடு உருண்டு வெளியே வந்தது. என் கணவர் கை தட்டிவிட்டார்.

இரண்டாவது சுலபமாக வந்தது. மூன்றாவது வெளியே வந்த கையோடு பள்ளத்தில் தண்ணீர் பீறிட்டது. புல்லுக்கு நீர் தெளிக்கிற குழாயை வேர் சுற்றி வளைத்திருக்கிறது. செடியோடு அதுவும் உடைந்து வந்துவிட்டது. 811-ல் குறிப்பது நிறுவனங்கள் பதித்த இணைப்புகளை. வீட்டுக்காரர் தன் செலவில் பதித்த தெளிப்புக் குழாய், தோட்ட விளக்குக் கம்பி எதையும் அவர்கள் குறிப்பதில்லை. "என்னங்க, எங்கே மூடுறது?" என்று கத்துகிறேன், அவருக்கும் தெரியவில்லை. தண்ணீர் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் புல் மூடிய பச்சை மூடியைத் தேடிக் கண்டுபிடித்து வால்வைத் திருப்புவதற்குள் முற்றமே சேறாகிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் அது. புதிதாக வீடு வாங்குகிற எல்லோரிடமும் இப்போது அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பள்ளங்களை மூடி மிதித்தோம், மழைக்குப் பின் அமுங்கியது, மறுபடி மூடினோம். சங்கிலியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்த அறையில் இப்போது மாலை ஐந்து மணிவரை விளக்கு வேண்டாம்.

மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்காவதை வண்டியால் தொடவில்லை. தரையோடு அறுத்துவிட்டோம். ஹாலி விடாமல் துளிர்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குனிந்து அந்தத் துளிர்களைக் கையால் கிள்ளி எடுக்கிறேன். இலையே விடாமல் பார்த்துக்கொண்டால் வேரில் சேர்த்து வைத்தது ஒரு நாள் தீரும். போன தடவை கிள்ளியபோது ஏழு துளிர் இருந்தது, அதற்கு முந்தைய தடவை பதினொன்று.