கம்லா பிரதமரான வழி: மூன்று பூட்டுகள்

கரீபியன் தீவு நாடான டிரினிடாட்-டொபாகோவில் கட்சித் தலைமையைப் பிடித்துவிட்டால் பிரதமர் நாற்காலி பக்கத்தில் வந்துவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அங்குள்ள தேர்தல்களை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறோம், அது அப்படியில்லை. கட்சி, நாடாளுமன்றம், தொகுதிக் கணக்கு மூன்றும் தனித்தனிப் பூட்டுகள். கம்லா பெர்சாத்-பிசேசர் 2010-ல் மூன்றையும் நான்கே மாதங்களில் திறந்தார்.

அடித்தளம் அதற்கு வெகுமுன்பே போட்டது. தெற்கு டிரினிடாட்டில் பிறந்த வழக்கறிஞர் அவர். 1987-ல் உள்ளாட்சி மன்றத்தில் தொடங்கி, 1995 முதல் சிபாரியா தொகுதி உறுப்பினர். அதே ஆண்டு நாட்டின் முதல் பெண் அட்டர்னி ஜெனரலும் ஆனார். தோற்காத சொந்தத் தொகுதி இல்லாதவர் இந்தப் பாதையில் இறங்கவே முடியாது.

2010 ஜனவரி 24 அன்று, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த அவருடைய யு.என்.சி. (ஐக்கிய தேசிய காங்கிரஸ்) கட்சியில் உட்கட்சித் தேர்தல். கட்சியை நிறுவிய பாஸ்தியோ பாண்டேவையே எதிர்த்து நின்று பெருவாரியான வாக்குகளில் வென்றார். ஆனாலும் எதிர்க்கட்சித் தலைவர் பதவி பாண்டேவிடமே இருந்தது. காரணம், அந்தப் பதவியைக் கட்சி கொடுப்பதில்லை. அரசை ஆதரிக்காத உறுப்பினர்களில் அதிகம் பேருடைய ஆதரவு யாருக்கு என்று பார்த்துக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். எதிர்வரிசையில் இருந்தவர்கள் 15 பேர். பெரும்பான்மைக்கு 8 பேர் வேண்டும். தொண்டர்கள் பக்கம் சாய்ந்தபின்னும் உறுப்பினர்கள் தயங்கினார்கள். ஒரு மாதம் இழுத்து, பிப்ரவரி 25 அன்றுதான் பதவி கைக்கு வந்தது. பலர் மறந்துவிடுகிற கட்டம் இது. எங்களைக் கேட்டால், மூன்றிலும் கடினமானதும் இதுதான்.

மூன்றாவது பூட்டு தொகுதிக் கணக்கு. மொத்தம் 41 இடங்கள். டிரினிடாட்டுக்கு 39, டொபாகோவுக்கு 2. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெறுவார். இரண்டாம் சுற்று கிடையாது. 2007-ல் எதிரணி வாக்கு யு.என்.சி.க்கும் புதிய கட்சியான சி.ஓ.பி.க்கும் பிரிந்தது. நூற்றுக்கு 22-க்கும் மேல் வாங்கிய சி.ஓ.பி.க்கு ஒரு இடம்கூட இல்லை. இரு கட்சிகளும் சேர்ந்து பாதிக்கு மேல் வாக்கு வாங்கியும், 26 இடங்களோடு பேட்ரிக் மேனிங்கின் பி.என்.எம். (மக்கள் தேசிய இயக்கம்) ஆட்சி அமைத்தது.

2010 ஏப்ரலில் பிரதமர் பேட்ரிக் மேனிங், காலம் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே அவையைக் கலைத்தார். எதிரணி சேர அவகாசம் இருக்காது என்ற கணக்கு பொய்த்தது. ஏப்ரல் 21 அன்று தெற்கு டிரினிடாட்டின் ஃபைசாபாத்தில் எதிரணியின் ஐந்து அமைப்புகள் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொகுதிக்கு ஒரே பொது வேட்பாளர் என்பதே அதன் உயிர். மே 24 முடிவு: யு.என்.சி. 21, சி.ஓ.பி. 6, டொபாகோவின் டி.ஓ.பி. 2. ஆக 29. இரண்டு நாளில், நாட்டின் முதல் பெண் பிரதமராகக் கம்லா பதவியேற்றார்.

பதவி போனபின் கட்சியைக் கையில் வைத்திருப்பது தனி உழைப்பு. 2015-ல் கூட்டணிக்கு 18 இடங்கள், 2020-ல் யு.என்.சி.க்கு 19, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உட்கட்சித் தேர்தலில் நின்று தலைமையைத் தக்கவைத்தார். 2025 ஏப்ரல் 28 அன்று யு.என்.சி. மட்டுமே 26 இடங்களைப் பிடித்தது. ஆட்சிக்குத் தேவை 21. டொபாகோவின் 2 இடங்கள் வேறொரு கட்சிக்குப் போனபோதும், மே 1 அன்று மீண்டும் பிரதமரானார்.