முளைக்காத பல்லுக்கு நாள் குறித்தார்கள்

"ஞானப்பல் நான்கையும் இந்தக் கோடை விடுமுறையிலேயே எடுத்துவிடலாம்" என்று டொராண்டோவில் பல் மருத்துவர் சொன்னபோது என் மகளுக்கு வயது 15. வலியில்லை, வீக்கமில்லை, அந்த நான்கில் ஒன்றுகூட ஈறுக்கு வெளியே தலைகாட்டியிருக்கவில்லை. எனக்குத் திக்கென்றது.

இரு தாடைகளும் ஒரே பட்டையாக விரிந்து தெரியும் எக்ஸ்ரே படத்தை அவர் பொறுமையாக விளக்கினார். கீழ்த்தாடையின் இரு கோடியிலும், வேர் இன்னும் விடாத பல் ஒன்று முன்பக்கம் சாய்ந்து கிடந்தது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்விளிம்பிலிருந்து தாடையெலும்பு மேலேறும் இடம்வரை ஒரு கோடு, முளைக்கவேண்டிய பல்லின் அகலத்துக்கு இன்னொரு கோடு. முதல் கோடு இரண்டாவதைவிடக் குட்டையாக இருந்தால் பல் ஒழுங்காக வெளிவரும் வாய்ப்புக் குறைவு. இவ்வகைப் படம் உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுவதால், மில்லிமீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், இரண்டையும் ஒரே படத்தில் அளந்து விகிதம் பார்க்கிறார்கள். அந்த அளவையின் நேர்த்தியை நான் மதிக்கிறேன்.

ஆனால் 15 வயதில் தாடை வளர்ந்து முடிவதில்லை. மேலேறும் எலும்பின் முன்விளிம்பு வளர்பருவத்தில் கரைந்து பின்வாங்கப் பின்வாங்க, பல்லுக்கு இடம் கூடுகிறது. சாய்ந்த பல் நிமிர்வதும் உண்டு, மேலும் சாய்வதும் உண்டு. பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் பல்லுக்கு, இத்தனை முன்னதாக ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவது அவசரம் என்பதே என் ஆதங்கம்.

கும்பகோணத்து வீட்டில் பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து ஓட்டின்மேல் எறிவோம். புதுப்பல் என்றைக்கு வரும் என்று யாரும் கணக்கிட்டதில்லை. அத்தைக்கு 22 வயதில் ஞானப்பல் முளைத்துக் கன்னம் உப்பியபோது, பாட்டி வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்துக் கொப்பளிக்கச் செய்து, ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். மூன்று நாள் குழைந்த ரசம் சாதம். "இவளுக்கு இப்போதுதான் புத்தி முளைக்கிறது" என்று சித்தப்பா சொல்ல, அத்தை வாயைத் திறக்கமுடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லண்டனிலிருக்கும் என் தங்கை மகனுக்கும் பல் இப்படித்தான் சாய்ந்திருக்கிறதாம். அங்கே காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்பது இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டுதல். ஒரே பாட்டியின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு நாடுகளில் இரண்டு தீர்ப்பு!

வேர் நீண்டபின் அது கீழ்த்தாடை நரம்பை நெருங்கக்கூடும், இளவயதில் எடுப்பது எளிது என்று மருத்துவர் சொன்ன காரணத்தில் நியாயமுண்டு. அதனால் மறுக்கவில்லை, ஓராண்டு கழித்து இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டபின் முடிவு செய்யலாமா என்று கேட்டேன். அவர் முகம் கோணாமல் சம்மதித்தார்.

பனியும் இருட்டும் பழகி, இந்த ஊர் என் ஊராகிவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். வீடு திரும்பியதும், வலியே இல்லாத பிள்ளைக்காக என் கை அஞ்சறைப்பெட்டியில் கிராம்பைத் தேடிக்கொண்டிருந்தது. அன்றிரவு மகளை வாய்திறக்கச் சொல்லிக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு வழவழவென்று இளஞ்சிவப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.