ஓதம் ஏறிய சுவர்

பிப்ரவரி 3, கானாடுகாத்தான்

காரைக்குடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து எட்டரைக்கு, நாங்கள் பழுதுபார்க்கும் பழைய வீட்டு சைட்டுக்கு வந்தேன். வீட்டின் இரண்டாம் கட்டு (முற்றத்தோடு கூடிய உள்பகுதி) சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். சுத்தியல் காம்பால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்கிறது. பல வருடங்களுக்கு முன் யாரோ பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஒரு துண்டைப் பெயர்த்தேன். உள்ளே செங்கல் விரலோடு மாவாக உதிர்ந்து வந்தது.

தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியே போய்விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்துக் கல்லை அரித்துவிடுகிறது. எத்தனை வீட்டில் பார்த்தாலும் மனசு கேட்பதில்லை.

"தம்பி, மறுபடி சிமெண்டே பூசிடுங்களேன், சித்திரையில பேத்தி கல்யாணம்" என்றார் வீட்டுக்கார ஆச்சி. செங்கல் மாவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "சரி, உங்க இஷ்டப்படி செய்ங்க."

பிப்ரவரி 4

சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தாயிற்று. மாடி வேலைக்கென்று போன மாதமே நீற்றிய சுண்ணாம்பு தொட்டியில் வெண்ணெய் போல இருக்கிறது. அதில் சேர்க்க, கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறப்போட்டோம். புளித்து நுரை கட்ட வேண்டும்.

பிப்ரவரி 6, கும்பகோணம்

இங்கே இன்னொரு பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய கூரைத் தளம், ஒழுகுகிறது. தேக்குக் கட்டைகள் இரண்டு, சுவருக்குள் நுழையும் இடத்தில் மக்கிவிட்டன. மேலே சின்னச் செங்கல்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டத்தில் அடுக்கியிருக்கிறார்கள். கட்டை இறங்கினால் கல்லும் இறங்கும். முட்டுக் கொடுக்கும்வரை யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டேன்.

பிப்ரவரி 11, கானாடுகாத்தான்

அரைத்த கலவையைக் கொத்தனார் அண்ணன் கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. "இப்பப் பூசலாம் தம்பி." கீழே மூன்றடி இன்னும் ஈரம். அதைக் காயவிட்டு, மேல்பகுதிக்கு மட்டும் முதல் கை பூசினோம். வெயில் படும் பக்கம் ஈரச்சாக்கு தொங்குகிறது. சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும்.

கல்யாணத்துக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கலாமா என்று ஆச்சி கேட்டார். வேண்டாம் ஆச்சி, வெள்ளையடித்தாலே போதும் என்றேன். கீழ்ப்பகுதிக்கு இன்னொரு பானை கடுக்காய் ஊறப்போடச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். நாளைக் காலை கும்பகோணத்தில் புதுக் கட்டை வருகிறது.