பென்சில் சீவும் பையன்

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகப் பதிந்துகொண்டேன். கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காத பிள்ளைகள். மாலை ஐந்து மணிக்கு மேல் அவர்களோடு ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லித்தரத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தெருவில் இருந்த தாய்மார்களுக்கோ நான் டியூஷன் அக்கா. "வீட்டுப்பாடத்தை முடிக்க வைத்து அனுப்பு தாயி, வீட்டில் ஓரிடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான்" என்று ஆளுக்கொரு பையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதல் மாதம் நான் செய்தது அதட்டல் மட்டும்தான். யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. திண்ணை அமைதியாக இருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த அமைதியிலேயே மிக அமைதியான ஒரு சிறுமி, 'மகிழ்ச்சி' என்பதைப் பத்து முறை எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அருகில் போய்ப் பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து 'ம'. பிறகு பத்து 'கி'. நாற்று நடுவது போல வரிசை வரிசையாக நட்டுக்கொண்டு போனாள். ஆறாவது வரியில் 'ழ்' விடுபட்டிருந்தது. 'மகிச்சி' என்று நிற்பது அவள் கண்ணில் படவே இல்லை. என்ன சொல் என்று கேட்டேன், விழித்தாள். அவளைத்தான் கவனமான பிள்ளை என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறானவன் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பென்சில் சீவுவான். முனை கூராக இருந்தாலும் சீவுவான். தண்ணீர் குடிக்கப் போவான், குடித்ததைக் கழிக்கப் போவான், வந்து மறுபடியும் சீவுவான். ஒருநாள் சீவுகருவியைப் பிடுங்கி வைத்தேன். அழிப்பானைக் கிள்ளத் தொடங்கினான். கோபம் வந்தாலும், அன்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். 500-லிருந்து 238-ஐக் கழிக்க வேண்டும். கணக்கை அழகாக எழுதிக் கோடும் போட்டிருந்தான். கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"கடன் வாங்கு" என்கிறார் அப்பா. பள்ளிக்கூடத்தில் 'இனமாற்றம்' என்கிறார்கள். இரண்டும் ஒன்று என்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும், பக்கத்தில் இருப்பது பூஜ்ஜியம். அதனிடம் என்ன கடன் வாங்க முடியும்? பையன் திகைத்து நின்றது நியாயம்தான். புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஐந்தை நூறு ரூபாய் நோட்டுகள் என்று வைத்துக்கொண்டோம். ஒரு நோட்டை மாற்றிப் பத்துப் பத்து ரூபாய், அதில் ஒன்றை மாற்றிப் பத்து ஒரு ரூபாய். 262 வந்தது. மீதியிருந்த மூன்று கணக்குகளையும் அசையாமல் போட்டான். திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் ஆங்கில நோட்டை எடுத்ததும் பென்சிலைச் சீவினான். ஆனால் நான் அதட்டவில்லை. எந்த வரியில் நிற்கிறான் என்று போய்ப் பார்த்தேன்.

அதன் பிறகு, முதல் கணக்கையோ முதல் வரியையோ பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கி வைப்பது வழக்கமானது. ஒரு பாடத்தின் நோட்டைத் தவிர மற்றதெல்லாம் பைக்குள். மதியச் சத்துணவுக்குப் பிறகு பலர் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அவித்த கடலை ஒரு பிடி தின்ற பிறகே நோட்டைத் திறந்தோம். வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். போனைப் பார்த்து எழுதும் பிள்ளை, இரண்டாவது நிமிடம் வீடியோவுக்குள் போய்விடுகிறது. பெரியவர்களாகிய நாம் மட்டும் யோக்கியமா என்ன!

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதைத் தாய்மார்களிடம் சொன்னேன். "அப்புறம் எப்படிப் படிப்பு வரும்?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பென்சில் பையனின் அம்மாவிடம் ஒருநாள், "முதல் கணக்குக்கு மட்டும் பக்கத்தில் உட்காருங்கள் அக்கா, மீதியை அவனே போட்டுவிடுவான்" என்றேன். "அந்த நேரத்தில்தான் உலை கொதிக்கும். உனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள், எனக்கு யார் கொடுப்பார்கள்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவனுடைய கணக்கு நோட்டின் ஓரத்தில் மஞ்சள் கறை. அடுப்படியில் உட்கார்ந்து போட்டானாம். முதல் கணக்கின் எண்கள் மட்டும் அவன் கையெழுத்தில் இல்லை.