அப்பாவோட பன்னிரண்டு பாட்டில்

ஜூன் 3
அப்பா திருச்சில இருந்து வந்து இறங்கிட்டார். துணி நாலு செட்டு தான், ஆனா பயோகெமிக் பெட்டிய (ஹோமியோபதி மாதிரி, உப்ப நுணுக்கி செஞ்ச இனிப்பு மாத்திரை மருந்து) மட்டும் பஸ்ல மடியிலயே வச்சிட்டு வந்திருக்கார். பன்னிரண்டு பாட்டில், பன்னிரண்டு உப்பு. கல்கேரியா ஃபாஸ், காலி மூர், மேக் ஃபாஸ்னு ஒரம்பரைங்க பேர் மாதிரி சொல்லுவார். என் மூஞ்சியப் பாத்ததுமே ஃபெர்ரம் ஃபாஸ் 6எக்ஸ் நாலு மாத்திரைய மூடியில தட்டி, கை படாம வாயில போடுன்னார், காபி குடிச்சு அரை மணி நேரம் ஆச்சான்னு கேள்வி வேற. ஆச்சுன்னு பொய் சொன்னேன்.

ஜூன் 6
ரத்த டெஸ்ட் வந்திருச்சு, ஹீமோகுளோபின் 8.6, ரத்தம் ரொம்ப கம்மி. டாக்டர் அயர்ன் மாத்திரை எழுதிட்டு, காபி டீயோட சேத்து போடாதீங்கன்னார். அப்பாவுக்கு ஒரே சந்தோசம், "நான் சொன்னதத்தானே அவரும் சொல்றாரு". அப்புறம் மெதுவா, "ஃபெர்ரம்னாலும் அயர்ன் தானேம்மா, எதுக்கு ரெண்டு?"

ஜூன் 7
தூக்கம் வரல, கேஸ் பில்லு பின்னாடி கணக்கு போட்டேன். 6எக்ஸ்னா ஒரு பங்கு உப்புக்கு ஒன்பது பங்கு பால் சர்க்கரை போட்டு அரைக்கிறது, அதுல ஒரு பங்கு எடுத்து திரும்ப அதே மாதிரி, இப்படி ஆறு தடவ. பத்து லட்சத்துல ஒண்ணு. ஒரு கிராம் மாத்திரையில ஒரு மைக்ரோகிராம் உப்பு, உடம்புக்கு தினம் வேண்டிய இரும்போ மில்லிகிராம் கணக்குல. 1873ல ஜெர்மனி ஓல்டன்பர்க்ல ஷூஸ்லர்னு ஒரு டாக்டர், செல்லுல உப்பு கொறஞ்சா தான் நோய்னு ஆரம்பிச்சது இது. கொறையுதுன்னா இத வச்சு எப்படிப்பா நெறையும்னு காலைல கேட்டேன். "நெறைய குடுத்தா செல்லு எடுத்துக்காதும்மா, நுணுக்கிக் குடுத்தா தான் உள்ள போவும்". அப்ப முருங்கக்கீரைய எதுக்கு ஆயச் சொல்றீங்கன்னேன், பேப்பர விரிச்சிட்டார்.

ஜூன் 11
ஐயோ இன்னிக்கு. குட்டிப்பையன் நேட்ரம் மூர் பாட்டில் முழுசையும் தின்னுட்டான்! இனிப்பா இருக்குல்ல, அதான். கட்டிலுக்கு அடியில காலி பாட்டிலோட உக்காந்து வாயெல்லாம் வெள்ளையா சிரிக்கிறான், அப்பா மூஞ்சி செத்துப்போச்சு. டாக்டருக்கு போன் போட்டா, பால் சர்க்கரை தான், வயித்தால போகலாம், தண்ணி நெறைய குடுங்கன்னார். ரெண்டு தடவ போச்சு, அவ்ளோ தான். நேட்ரம் மூர்னா நம்ம சோத்து உப்பு தான், 25 கிராம் பாட்டில்ல 25 மைக்ரோகிராம், ஊறுகாய தொட்ட வெரல்ல அதவிட அதிகமா ஒட்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அப்பா சாயங்காலம் வரைக்கும் காபி கூட குடிக்கல, பெட்டிய பரண்ல ஏத்திட்டு அவன் வயித்தையே தொட்டுத் தொட்டு பாத்துட்டிருந்தார். சொல்லல.

ஜூன் 14
ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, கத்திட்டேன். அப்பா ஸ்டூல் போட்டு பரண்ல ஏறி மேக் ஃபாஸ் எடுத்து சுடுதண்ணில கரைச்சு, மடக்கு மடக்கா குடின்னு குடுத்துட்டு பெருவெரல் வச்சு கால நீவி விட்டார். விட்டுருச்சு. மேக் ஃபாஸா, சுடுதண்ணியா, அந்த வெரலா, நான் வாயத் தொறக்கல. டம்ளர வாங்கி வச்சவர் அலமாரியில இருந்து அயர்ன் அட்டைய எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தார். "எட்டு போயிருக்கணும், ஏழு தானே போயிருக்கு?"